எல்லைக்கோட்டின் வரலாறு: குருதி வெல்லமும் 'முன்நீரிழிவு' என்ற கருத்தும்

நோய்களுக்கும் வரலாறு உண்டு. அரசுகளின் எழுச்சி வீழ்ச்சியையும் நிலவுடைமை முறைகளின் மாற்றத்தையும் ஆராயும் வரலாற்று மாணவர், மருத்துவ நூல்களிற் காணப்படும் வரைவிலக்கணங்களை இயற்கையின் விதிகளாகவே ஏற்றுக்கொண்டு அப்பாற் சென்றுவிடுகின்றனர். ஆயின் ஒரு வரைவிலக்கணம் எப்போது, எவரால், எத்தகைய சான்றுகளைக் கொண்டு வகுக்கப்பட்டது, பின்னர் ஏன் மாற்றப்பட்டது என்னும் வினாக்கள் மருத்துவத்துக்கும் பொருந்துவனவே. குருதியிலுள்ள வெல்லத்தின் அளவைக் கொண்டு மனிதரை நோயுடையார், நோயற்றார், இடைநிலையிலுள்ளார் என வகுக்கும் முறை இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

வெறுவயிற்றிற் குருதிப் பரிசோதனை செய்துகொண்ட ஒருவரின் அறிக்கையில் ஒரு டெசிலீற்றருக்கு 108 மில்லிகிராம் என்ற எண் காணப்படுகின்றது எனக் கொள்வோம். 'உங்களுக்குச் சலரோகம் இல்லை. ஆனால் போடரில் நிற்கின்றது' என்று அவருக்குக் கூறப்படலாம். அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வரையறைப்படி அவர் 'முன்நீரிழிவு' நிலையை அடைந்தவர். உலக சுகாதார தாபனத்தின் வரையறைப்படி நோக்கின், அதே எண் இடைநிலையின் கீழெல்லையாகிய 110ஐ எட்டவில்லை. ஒரே மனிதர், ஒரே குருதி, ஒரே எண், தீர்ப்புகளோ இரண்டு. இம்முரண்பாடு எவ்வாறு தோன்றியது என்பதையும், அறிக்கையைக் கையில் வைத்திருப்பவர் அதனை எவ்வாறு விளங்கிக்கொள்ளலாம் என்பதையும் வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பண்டைய மருத்துவத்தில் இத்தகைய எல்லைப் பிரச்சினை எழவில்லை. நோய்க்குறி தோன்றிய பின்னரே நோய் உணரப்பட்டது. மிகுந்த தாகம், இடையறாத சிறுநீர்ப் போக்கு, உடல் மெலிவு என்பனவே அதன் அடையாளங்கள். 'இழிதல்' என்பதற்கு இறங்குதல், வழிதல் என்ற பொருள்கள் உண்டு. நீர் இழிந்து செல்வது நீரிழிவு. ஊடாகக் கடந்து செல்லுதல் என்ற பொருளிலேயே கிரேக்கரும் இந்நோய்க்குப் பெயரிட்டனர் என்பது ஒப்புநோக்கத்தக்கது. வடமொழி மருத்துவ நூல்களாகிய சரக சம்கிதையும் சுசுருத சம்கிதையும் சிறுநீரின் இனிப்பை அறிந்து 'மதுமேகம்' என்னும் பெயரை வழங்கின. இவற்றிலெல்லாம் நோயாளி என்பவர் தம் துன்பத்தைத் தாமே உணர்ந்தவர். துன்பம் எதுவுமின்றி நோயாளியாயிருத்தல் என்ற கருத்துக்கு அக்கால மருத்துவத்தில் இடமிருக்கவில்லை.

மேலைத்தேய மருத்துவத்தில் 1674ஆம் ஆண்டளவில் ஆங்கில வைத்தியர் தோமஸ் வில்லிஸ் சிறுநீரின் இனிப்பைக் குறிப்பிட்டார். 1776இல் லிவர்ப்பூல் நகரின் மத்தியூ டொப்சன் நோயாளியின் சிறுநீரை ஆவியாக்கி எஞ்சிய பொருள் வெல்லமே எனக் காட்டியதோடு, குருதியின் தெளிநீரும் இனிப்பாயிருப்பதைக் கண்டார். 1815இல் பிரெஞ்சு இரசாயனவியலாளர் செவ்ரேல் அவ்வெல்லம் திராட்சை வெல்லம், அதாவது குளுக்கோசு, என இனங்கண்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் குளோட் பேணார் ஈரல் வெல்லத்தை உண்டாக்குவதை நிறுவினார். குருதியில் வெல்லம் ஒரு மட்டத்தைக் கடந்தபின்னரே சிறுநீரில் வெளிப்படும் என்பதும் அவர் வழியாகத் தெளிவாயிற்று. இம்மட்டம் பெரும்பாலானோரில் டெசிலீற்றருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராம் ஆகும்.

இக்கண்டுபிடிப்பின் முக்கியத்துவம் யாதெனில், சிறுநீரைச் சோதித்த காலம் முழுவதும் எல்லைக்கோட்டை வரைந்தது வைத்தியரன்று, சிறுநீரகமே என்பதாகும். வெல்லம் உண்டு அல்லது இல்லை என்ற இருவகை விடையே சோதனைக்குழாயிற் கிடைத்தது. ஆயினும் அக்கோடும் நேர்கோடாக இருக்கவில்லை. ஆயுட் காப்புறுதி நிறுவனங்கள் விண்ணப்பதாரரின் சிறுநீரைச் சோதிக்கத் தலைப்பட்டபோது, எவ்வித வருத்தமும் அறியாத பலரிடத்தும் வெல்லம் காணப்பட்டது. சிலருக்குச் சிறுநீரகத்தின் மட்டம் தாழ்ந்திருந்தது. முதியோர் பலருக்கு உயர்ந்திருந்தது. எனவே சிறுநீரை விடுத்துக் குருதியையே அளக்கும் தேவை ஏற்பட்டது.

இருபதாம் நூற்றாண்டின் முதற்பகுதியில் சிறிதளவு குருதியைக் கொண்டே வெல்லத்தை அளக்கும் முறைகள் உருவாயின. 1920இல் போலின், வூ ஆகிய இருவரும் வெளியிட்ட முறை அவற்றுட் குறிப்பிடத்தக்கது. இன்சுலின் 1921இல் தொரன்ரோவிற் பிரித்தெடுக்கப்பட்டு, 1922 சனவரியில் முதன்முறையாக ஒரு சிறுவனுக்கு ஏற்றப்பட்டது. உயிர்காக்கும் மருந்து கிடைத்தமையால் அளவிடுதலின் தேவை பெருகியது. குளுக்கோசுக் கரைசலை அருந்தச் செய்து, குறித்த நேர இடைவெளியிற் குருதியை அளக்கும் 'குளுக்கோசுத் தாங்குதிறன் சோதனை' வழக்கிற்கு வந்தது. ஆயின் 'உண்டு, இல்லை' என்ற பழைய விடை மறைந்து, 80, 95, 112, 131, 170 எனத் தொடரும் எண்களே இப்போது கிடைத்தன. இவ்வெண் வரிசையில் நோய் எங்கே தொடங்குகின்றது? வெவ்வேறு வைத்தியசாலைகள் வெவ்வேறு அளவு குளுக்கோசைக் கொடுத்து வெவ்வேறு எண்களை எல்லையாகக் கொண்டமையால், ஓரிடத்தில் நோயாளியாயிருந்தவர் வேறிடத்திற் சுகதேகியாக மதிக்கப்படும் நிலை நெடுங்காலம் நீடித்தது.

'முன்நீரிழிவு' என்ற சொல் மருத்துவ இலக்கியத்திற் பரவலாகியது 1950களிலாகும். பெருத்த குழந்தைகளைப் பெற்ற தாய்மார் பலர் பிற்காலத்தில் நீரிழிவுக்கு ஆளாயினர் என்பது அவதானிக்கப்பட்டபோது, நோய் வெளிப்படுமுன்னரே உடலில் ஏதோ ஒரு மாற்றம் நிகழ்ந்திருத்தல் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. இதன் தொடர்பில் உலக சுகாதார தாபனத்தின் நிபுணர் குழு 1965இல் வெளியிட்ட அறிக்கை கூர்ந்து நோக்கத்தக்கது. முன்நீரிழிவு என்னும் சொல், ஒருவருக்கு நோய் உறுதியான பின்னர், அதற்கு முந்திய காலத்தைப் பின்னோக்கிக் குறிப்பதற்கே பயன்படலாம் என்பது அக்குழுவின் நிலைப்பாடு.

வரலாற்று மாணவர் இக்கூற்றின் நுட்பத்தை எளிதில் உணர்வர். 1925ஆம் ஆண்டை 'இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலம்' என்று நாம் எழுதுகின்றோம். ஆயின் அவ்வாண்டில் வாழ்ந்தோர் எவரும் தாம் இரு போர்களின் இடையே வாழ்வதாக அறிந்திலர். இரண்டாவது போர் நிகழ்ந்தமையாலேயே அப்பெயர் பொருளுடையதாயிற்று. 'முன்' என்ற அடைமொழி பின்னர் நிகழ்ந்ததை அறிந்தவன் இடும் அடைமொழி. அதனை இன்னும் நிகழாத ஒன்றைப் பற்றி உயிருடன் முன்னே நிற்கும் ஒருவர்மீது இடும்போது வரலாற்றுச் சொல் ஆரூடமாக மாறிவிடுகின்றது. இக்கருத்தின் பிற்கால வளர்ச்சியை விளங்கிக்கொள்வதற்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது.

எல்லைப் பிரச்சினையை மக்கட் கூட்டத்தின் நடுவே வைத்து ஆராய்ந்த முன்னோடி முயற்சிகளுள் ஒன்று இங்கிலாந்தின் பெட்போட் நகரில் 1962இல் மேற்கொள்ளப்பட்டது. இலண்டன் கைஸ் வைத்தியசாலையைச் சார்ந்த பற்றர்பீல்ட், கீன் முதலியோர் இருபத்தையாயிரத்துக்கு மேற்பட்ட நகர மக்களின் சிறுநீரைச் சோதித்து, பின்னர் ஒரு பகுதியினரின் குருதியையும் சோதித்தனர். இயல்பானோரையும் நோயாளரையும் பிரிக்கும் இடைவெளி எதுவும் அங்கு தென்படவில்லை. எண்கள் ஒன்றோடொன்று தொடர்ந்து சென்றன. 50 கிராம் குளுக்கோசு அருந்தி இரண்டு மணித்தியாலத்தின் பின் 120க்கும் 199க்கும் இடைப்பட்டோர் 'எல்லைநிலை நீரிழிவாளர்' எனப்பட்டனர். இவர்களுள் ஒருசாராருக்குத் தொல்புற்றமைட்டு என்ற மருந்தும் மறுசாராருக்கு மருந்தற்ற மாத்திரையும் வழங்கப்பட்டன. பத்தாண்டுகளின் பின் நோக்கியபோது, அம்மருந்து நோயைத் தடுத்ததாகக் காணப்படவில்லை. அன்றியும், எல்லையில் நின்றோருட் பெரும்பாலானோர் நீரிழிவுக்குள் செல்லவுமில்லை.

இதற்கு நேர்மாறான காட்சி ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனாப் பாலைநிலத்திற் கிடைத்தது. கீலா ஆற்றங்கரையில் வாழும் பீமா மக்கள் பழங்காலந்தொட்டு வாய்க்கால் வெட்டிப் பயிர்செய்தவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆற்றின் மேற்பகுதியிற் குடியேறியோர் நீரைத் திருப்பியமையால் அவர்களின் வேளாண்மை சிதைந்தது. உணவும் வாழ்க்கைமுறையும் மாறின. 1965 முதல் அம்மக்களிடையே நடைபெற்ற நெடுங்கால ஆய்வு, உலகின் மிக உயர்ந்த நீரிழிவு வீதங்களுள் ஒன்றை அங்கே கண்டது. அவர்களின் குருதி வெல்லப் பரம்பலை வரைந்தபோது இரு மேடுகளும் அவற்றிடையே ஒரு பள்ளமும் தோன்றின. குளுக்கோசு அருந்தி இரண்டு மணித்தியாலத்தின் பின்னர் 200 மில்லிகிராம் அளவிலேயே அப்பள்ளம் அமைந்தது. விழித்திரையும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டோர் பெரும்பாலும் அதற்கு மேற்பட்டவர்களாகவே இருந்தனர். இன்று உலகெங்கும் நீரிழிவின் எல்லையாகப் பயன்படும் எண்ணுக்குப் பெருந்துணையாக நின்ற சான்று, நீரை இழந்த ஒரு சிறிய மக்கட் கூட்டத்தின் உடல்களிலிருந்து பெறப்பட்டது என்பது வரலாற்றில் மறக்கற்பாலதன்று.

இச்சான்றுகளின் அடிப்படையில் 1979இல் அமெரிக்கத் தேசிய நீரிழிவுத் தரவுக் குழுவும், 1980இல் உலக சுகாதார தாபனமும் புதிய வரையறைகளை வெளியிட்டன. பிரித்தானியாவில் 50 கிராமும் அமெரிக்காவில் 100 கிராமும் வழங்கிவந்த நிலையில், 75 கிராம் என்ற நடுவழி காணப்பட்டது. அமெரிக்கக் குழுவின்படி வெறுவயிற்றில் 140, இரண்டு மணித்தியாலத்தின் பின் 200 என்பன நீரிழிவின் எல்லைகளாயின. பின்னைய சோதனையில் 140க்கும் 199க்கும் இடைப்பட்டோருக்குக் 'குறைவுற்ற குளுக்கோசுத் தாங்குதிறன்' என்ற புதுப்பெயர் வழங்கப்பட்டது. அதுகாறும் வழங்கிய எல்லைநிலை நீரிழிவு, மறைநிலை நீரிழிவு, இரசாயன நீரிழிவு முதலிய பெயர்கள் கைவிடப்பட்டன. இதற்குக் காட்டப்பட்ட காரணம் மனிதாபிமானமானது. நீரிழிவு என்ற சொல் ஒருவர்மீது ஒட்டப்பட்டால் தொழில், காப்புறுதி, மனநிம்மதி ஆகியவற்றில் அவர் இழப்புக்குள்ளாவர். பலர் அந்நோயை ஒருபோதும் அடையப்போவதில்லை. எனவே அவர்களை அப்பெயரால் அழைத்தல் தகாது என்பதாம்.

எனினும் அவர்கள் முற்றாக ஆபத்தற்றவர்களும் அல்லர். இலண்டனின் அரசாங்க உத்தியோகத்தர் பதினெண்ணாயிரம் பேரிடம் 1960களின் இறுதியில் தொடங்கப்பட்ட வைற்ஹோல் ஆய்வின் முடிவு 1980இல் வெளிவந்தது. நீரிழிவு எல்லைக்கு மிகக் கீழேயே, பரம்பலின் மேல்நுனியில் இருந்தோரிடத்தில் இருதய நோயால் ஏற்படும் மரணம் ஏறத்தாழ இருமடங்காயிருந்தது. கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் ஓர் எல்லை பொருந்தியது போல இருதயத்துக்கு அதே எல்லை பொருந்தவில்லை. ஒரே கோட்டினால் எல்லா உறுப்புகளின் கதையையும் சொல்ல முடியாது என்பது இதனாற் புலனாயிற்று.

அடுத்த காலப்பகுதியில் எல்லைகள் கீழ்நோக்கி நகர்ந்தன. 1997இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் குழு வெறுவயிற்று எல்லையை 140இலிருந்து 126ஆகக் குறைத்து, 110க்கும் 125க்கும் இடைப்பட்டதைப் புதிய இடைநிலையாக அறிவித்தது. 2002இல் அமெரிக்க அரசின் சுகாதாரத் திணைக்களமும் அச்சங்கமும் 'முன்நீரிழிவு' என்ற பழைய சொல்லை மீண்டும் மேடையேற்றின. 1979இற் சொல்லின் கடுமை மக்களை வருத்தும் என அஞ்சப்பட்டது. 2002இற் சொல்லின் மென்மை மக்களை உறங்கச் செய்யும் என அஞ்சப்பட்டது. அடுத்த ஆண்டில் இடைநிலையின் கீழெல்லை 100ஆகக் குறைக்கப்பட்டது. உலக சுகாதார தாபனம் 2006இல் இதனை ஏற்காது 110ஐயே தக்கவைத்துக்கொண்டு, 'இடைநிலை மிகைவெல்லம்' என்ற பொருள்படும் பெயரை விரும்பியது. இரண்டு மூன்று மாத காலச் சராசரியைக் காட்டும் ஈமோகுளோபின் ஏ1சி சோதனையிலும் இவ்வாறே கருத்து வேறுபட்டது. 2009இற் கூடிய சர்வதேச நிபுணர் குழு 6.0 முதல் 6.4 வீதம் வரையானோரை உயர் ஆபத்துடையோர் என்றது. 2010இல் அமெரிக்கச் சங்கம் 5.7 வீதத்திலேயே கோட்டை வரைந்தது. கோடு கீழிறங்கும் ஒவ்வொரு முறையும், எவருடைய உடலிலும் எம்மாற்றமும் நிகழாமலே, கோடிக்கணக்கானோர் ஓரிரவில் இடைநிலையினராகின்றனர்.

இதனைக் கொண்டு முன்நீரிழிவு வெறும் கற்பனை என்று முடிவுசெய்வது பிழையாகும். சீனாவின் தாசிங் நகரில் 1986இல் தொடங்கிய ஆய்வில் தாங்குதிறன் குறைவுற்ற 577 பேர் பங்கெடுத்தனர். ஆறாண்டுகளில், தலையீடு எதுவும் பெறாதோருள் 67.7 வீதத்தினர் நீரிழிவை அடைந்தனர். உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சி அல்லது இரண்டையும் மேற்கொண்ட குழுக்களில் இவ்வீதம் 41க்கும் 46க்கும் இடைப்பட்டிருந்தது. முப்பதாண்டுகளின் பின் நோக்கியபோதும், அவர்களில் நோய் தோன்றுதல் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் தாமதித்திருந்தது. இருதய, குருதிக்கலன் நோய்களால் ஏற்பட்ட மரணங்களும் குறைந்திருந்தன. பின்லாந்திலும் அமெரிக்காவிலும் முறையே 2001, 2002ஆம் ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகள் இரண்டும் வாழ்க்கைமுறை மாற்றத்தால் நோயின் தோற்றம் 58 வீதம் குறைந்ததைக் காட்டின. அமெரிக்க ஆய்விற் குறிக்கோளாகக் கொள்ளப்பட்டவை உடல் நிறையில் 7 வீதக் குறைப்பும் வாரத்துக்கு 150 நிமிட உடலுழைப்புமே. அதே ஆய்வில் மெற்போமின் மருந்து 31 வீதக் குறைப்பையே தந்தது.

எம்மவர்க்கு நெருங்கிய சான்று சென்னையிற் கிடைத்தது. 2006இல் வெளிவந்த இந்திய ஆய்வில் 531 பேர் பங்குபற்றினர். தலையீடு பெறாதோருள் 55 வீதத்தினர் மூன்றே ஆண்டுகளில் நீரிழிவை அடைந்தனர். அமெரிக்க ஆய்வில் மருந்தற்ற மாத்திரை பெற்றோரிடத்தில் இதே காலத்தில் இது ஏறத்தாழ 29 வீதமே. அமெரிக்கப் பங்காளரின் சராசரி உடற்திணிவுச் சுட்டி 34; சென்னைப் பங்காளரினதோ 26க்கும் குறைவு. பருமனாகத் தோன்றாத உடல்களிலேயே நோய் விரைந்து வந்தது. பெட்போட்டில் பத்தாண்டுகளின் பின்னரும் பெரும்பாலானோர் எல்லையைக் கடக்கவில்லை என்பதனை இவற்றோடு ஒப்புநோக்குக. அளவுகோல்கள் வேறுபட்டமையால் இவ்வெண்களை நேரடியாக ஒப்பிட இயலாது. எனினும் ஒரே பெயர் கொண்ட நிலை எல்லா மக்களிடத்தும் ஒரே கதியிற் செல்வதில்லை என்பது தெளிவு. இன்னொன்றும் கூறத்தக்கது. சென்னையில் நடைப்பயிற்சியும் உணவுமாற்றமும் மேற்கொண்டோருக்கு உடல் நிறை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை; ஆயினும் நோய்த் தோற்றம் 28.5 வீதம் குறைந்தது.

இவ்வரலாற்றின் ஒளியில் அறிக்கையிலுள்ள எண்ணை எவ்வாறு படிக்கலாம்? முதலாவதாக, அது எந்தச் சோதனையின் எண், எந்த வரையறையின்படி இடைநிலை எனப்பட்டது என்பதை அறிதல் வேண்டும். வெறுவயிற்றுச் சோதனையில் இயல்பாயிருப்பவர் குளுக்கோசு அருந்திய சோதனையில் இடைநிலையிற் காணப்படலாம். இவை வேறு வேறு சாளரங்கள். இரண்டாவதாக, ஒருவருடைய எண் நாளுக்கு நாள் மாறுவது. மறுமுறை சோதிக்கும்போது இடைநிலையினர் கணிசமானோர் இயல்பு நிலைக்குள் வருவதுண்டு. ஆகவே ஒரு தனிச் சான்றை மட்டும் வைத்து வரலாறு எழுதலாகாது என்ற விதி இங்கும் பொருந்தும். குருதிச்சோகை முதலிய நிலைகள் ஏ1சி எண்ணைத் திரிக்கக்கூடும் என்பதும் கருத்திற் கொள்ளத்தக்கது. மூன்றாவதாக, பெற்றோருக்கு நோய் உண்டா, இடுப்புச் சுற்றளவு யாது, குருதியமுக்கம் எவ்வாறுள்ளது, கர்ப்பகாலத்தில் வெல்லம் உயர்ந்ததா என்பனவற்றோடு சேர்த்தே அவ்வெண் பொருள்தரும். 108 என்ற எண் இவற்றை வைத்தியரிடம் வினவுவதற்கான தொடக்கம் மட்டுமே.

இறுதியாக இலங்கை பற்றி ஒரு குறிப்பு அவசியமாகின்றது. 2005, 2006ஆம் ஆண்டுகளில் நடைபெற்று 2008இல் வெளியிடப்பட்ட ஆய்வு, வளர்ந்தோருள் 10.3 வீதத்தினர் நீரிழிவுடையோர் என்றும், 11.5 வீதத்தினர் முன்நீரிழிவு நிலையினர் என்றும் கணித்தது. இலங்கையில் ஐந்து பேருள் ஒருவர் என்று பின்னர் பலமுறை எடுத்தாளப்பட்ட கணக்கின் அடிப்படை இதுவே. ஆயின் போர்ச்சூழல் காரணமாக அவ்வாய்வு ஏழு மாகாணங்களிலேயே நடத்தப்பட்டது. வடக்கும் கிழக்கும் அதில் இடம்பெறவில்லை. 2018, 2019ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்து 2023இல் வெளிவந்த நாடு தழுவிய ஆய்வு இரு நிலைகளிலும் மிக உயர்ந்த வீதங்களைக் காட்டியது. இவ்விரு ஆய்வுகளையும் அடுத்தடுத்து வைத்து நோய் எவ்வளவு பெருகியது என்று சொல்ல முற்படுவோர், ஒவ்வொன்றும் எங்கே கோடு வரைந்தது, எவரை அளந்தது என்று முதலில் வினவுதல் வேண்டும்.

எல்லைக்கோட்டின் வரலாறு எண்களின் வரலாறு மட்டுமன்று. எவருடைய உடல்கள் அளக்கப்பட்டன, எவருடையவை அளக்கப்படாது விடப்பட்டன என்பதன் வரலாறுமாகும். கீலா ஆற்றங்கரை மக்கள் அளக்கப்பட்டனர். உலகின் கோடு அவர்களைக் கொண்டு வரையப்பட்டது. எம்முடைய இரு மாகாணங்களில் இடம்பெயர்ந்தும் நிவாரண மாவையும் சீனியையும் உண்டும் ஆண்டுகள் பல கழித்தோர், அக்காலத்தில், கோட்டின் இப்பாலும் இல்லை, அப்பாலும் இல்லை. அக்காலத்து வெல்லத்தை இனி எவரும் அளக்க இயலாது. இன்று அவர்கள் முதுமையை அடைந்து வருகின்றனர். அவர்கள் கடந்துவந்த காலத்தின் உணவையும் உழைப்பையும் அலைவையும் பதிவுசெய்வது வரலாறு பயில்வோராலும் இயலும். வைத்தியபீடத்தாரோடு கலைப்பீடத்தாரும் இணைந்து ஆற்றவேண்டிய பணி அது.